ஏறக்குறைய

படிவத்தில் ஒரே கட்டம்:
ஆண்டு வருமானம்.
ஆறு இலக்கம் அதில் நெருக்கிப் படுக்கலாம்.
'ஏறக்குறைய' என்ற சொல்லுக்கு இடமில்லை.

கெமியில் மார்ச். கடல் இன்னும் கட்டியாக.
காகிதக்கூழ் ஆலையின் புகை நேராக மேலே போகிறது,
அப்படியென்றால் குளிர் இன்னும் இறங்கும்.
இரவுப் பணி முடிந்து வந்த கையோடு
கால்குலேட்டரை எடுத்தேன். சாக்ஸைக்கூடக் கழற்றவில்லை.

இரண்டு காலை, இரண்டு மாலை, இரண்டு இரவு,
அப்புறம் நான்கு நாள் ஆலைக்கு நான் வேண்டாம்.
பத்து நாளில் ஒரு சுற்று, ஆறெட்டு நாற்பத்தெட்டு மணி.
மணிக்குப் பத்தொன்பது யூரோ.
மாலையென்றால் இரண்டு கூட, இரவென்றால் நான்கு.
சுற்றுக்கு ஆயிரத்து எட்டு.
பிடித்த எண். நடுவில் காலி,
இரு ஓரத்திலும் ஆள் நிற்கிறது.

ஆண்டுக்குத்தான் பத்தால் வகுபடத் தெரியவில்லை.
முப்பத்தாறு சுற்று போக ஐந்து நாள் தொங்குகிறது.
இந்த ஜனவரி ஒன்று எனக்கு முதல் காலையில் விழுந்தது,
அதனால் கடைசி ஐந்தும் வேலை நாள்:
காலை, காலை, மாலை, மாலை, இரவு.
முப்பத்தேழாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.
வரும் ஆண்டு அதே ஐந்தில்
ஓர் இரவு, நான்கு தூக்கம்.
அறுநூற்று நாற்பது யூரோ காணாமல் போகும்.
நான் சோம்பியிருக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கு இரட்டைச் சம்பளம். அதை இன்னும் தொடவில்லை.
காய்ச்சலைத் தொடவில்லை.
ஹன்னுவின் முதுகு பிடித்துக்கொண்டால்
அவன் இடத்தில் போய் நிற்கும் நாட்களைத் தொடவில்லை.

ஜூனில் சூரியன் வளைகுடாவில் காலை நனைத்துவிட்டு
உடனே எழுந்துவிடும்.
அந்த வெளிச்சத்துக்கு இரவுப்படி தருகிறார்கள்.
டிசம்பரில் காலைப் பணிக்கு
விளக்கைப் போட்டுக்கொண்டே வண்டி ஓட்டுகிறேன்,
அந்த இருட்டுக்கு ஒன்றுமில்லை.
சரிக்குச் சரி என்று வைத்துக்கொண்டேன்.

நகராட்சி அலுவலகத்தில் ஹெல்கா ருவோனலா
இரண்டு படிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.
பிள்ளையின் செலவில் யாருக்கு எவ்வளவு என்று பிரிப்பது அவர் வேலை.
யோவ்கோவின் எண்: முப்பத்தாறாயிரத்து நானூற்று நாற்பது.
அதே எந்திரம். அதே மணிக்கூலி.
"உங்களுக்கு அறுநூற்று எழுபத்திரண்டு கூடுதலாக வருகிறதே,
பதவி உயர்வா?"
"இல்லை. காலண்டர்."
யோவ்கோ தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிரிந்த பிறகு அவன்தான் கேட்டு வாங்கினான்
எனக்கு ஆறு நாள் தள்ளி ஓடும் குழுவை.
நான் வேலையில் இருந்தால் அவன் வீட்டில்.
என் இரவுகளில் வந்து என் சோபாவில் தூங்குவான்,
போர்வையை மடித்து வைத்துவிட்டுப் போவான்,
சேர்ந்து இருந்தபோது மடித்ததே இல்லை.

ஒரே ஓர் ஓட்டை.
சுற்றுக்கு ஒருமுறை
என் இரவு முடியும் ஆறு மணிக்கே
அவன் காலை தொடங்குகிறது.
ஐந்து நாற்பதுக்கு அவன் கதவைச் சாத்துவான்,
ஆறு இருபதுக்கு நான் திறப்பேன்.
நடுவில் வென்லா, ஒன்பது வயது.
ஆலை வாசலில் நானும் அவனும் கடக்கும்போது
"தூங்குகிறாள்" என்பான். வேறு பேச்சில்லை.

நாற்பது நிமிடம், முப்பத்தாறு தடவை.
ஹெல்காவின் மேசைக்கடியில் போனில் அழுத்திப் பார்த்தேன்.
ஆயிரத்து நானூற்று நாற்பது.
ஒரு நாளின் மொத்த நிமிடங்கள்,
ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.
காலையிலிருந்து போட்ட கணக்கில்
மிச்சமில்லாமல் வந்தது இது ஒன்றுதான்.

அவள் தூங்குவதில்லை என்பது எனக்குத் தெரியும்.
வரும்போது மேசையில் கம்பு ரொட்டி ஒரு துண்டு இருக்கும்,
சுட்டு ஆறியது,
வெண்ணெய் ஒரே ஓரத்தில் திட்டாக.
நான் கேட்பதில்லை.
தின்றுவிட்டுத் தட்டைக் கழுவி வைக்கிறேன்.

ஹெல்கா பேனாவால் அடுத்த கட்டத்தைத் தட்டினார்:
வேறு வருமானம் ஏதேனும்?

இல்லை
என்று எழுதினேன்.